வள்ளியூர்ச் சாலையோரத்து அன்பர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை மூன்று மோட்டார் சைக்கிள்களில் பதினான்கு நாள்களில் கடந்து, கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்கள் நால்வரும் நல்லபடியாகக் குமரிமுனை வந்து சேர்ந்தோம். நால்வர் என்பது நானும், என் அக்காள் மகனும், என்னோடு பள்ளியில் படித்து, உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பரும், அவ்வளவு தூரமும் அவர் பின்னால் அமர்ந்து வந்த அவருடைய துணைவியாரும். வழியில் உதவியவர்கள் ஏராளம். சாக்கு சுற்றி ரயிலில் ஜம்முவுக்கு அனுப்பிய வண்டிகளைக் கீறல் இல்லாமல் இறக்கிக் கொடுத்த சுமைதூக்கும் தோழர்கள், மத்தியப் பிரதேசத்து வெயிலில் மயங்கி அமர்ந்த எங்களுக்குக் கயிற்றுக் கட்டிலும் மோரும் தந்த தாபாக்காரர், அதிலாபாத் அருகே இரவு பத்து மணிக்குப் பஞ்சர் ஒட்டிய இளைஞர் ஆகியோருக்கெல்லாம் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டோம். கடைசி நாளில் உதவியவர்களுக்கு மட்டும், ஊர் நெருங்கிவிட்ட அவசரத்தில், முறையாக ஒரு சொல்கூடச் சொல்லாமல் வந்துவிட்டோம். அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த மடல்.

முதலில் என் தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். ஹைதராபாத் வரையில் ஒவ்வொரு மாலையும் செயினைத் துடைத்து எண்ணெய் இட்டு, தொய்வு பார்த்த பிறகே அறைக்குள் போவேன். அதன்பின் சோம்பல் வந்துவிட்டது. மதுரையில் தங்கிய இரவு, வண்டியை நிறுத்தும்போதே பின்சக்கரத்திலிருந்து ‘கடக், கடக்’ என்று சத்தம் கேட்டது. "அதை ஒரு தடவை பார்த்துவிடு" என்று நண்பர் (நாங்கள் எல்லோரும் வாத்தியார் என்றே அழைப்போம்) இரண்டு முறை சொன்னார். மறுநாள் ஓட்ட வேண்டியது ஏறத்தாழ 245 கிலோமீட்டர்தான். காஷ்மீரத்துப் பனிஹால் மலைச்சாலையையும் நாக்பூர் வெயிலையும் தாண்டி வந்த வண்டி இதைத் தாண்டாதா என்று சொல்லிவிட்டு நான் படுக்கப் போய்விட்டேன். சிறுவயதில் இந்தச் சாலையின் எங்கள் பக்கத்துப் பகுதியை, வாராணசியிலிருந்து கன்னியாகுமரி வரை 2,369 கிலோமீட்டர் நீண்டுகிடந்த பழைய 7ஆம் எண் சாலையாகவே நான் அறிவேன். அந்த எண் எழுதிய மைல்கற்களைப் பேருந்து ஜன்னல் வழியே எண்ணிக்கொண்டு வளர்ந்தவன். நம்ம ரோடுதானே என்ற மிதப்பும் சேர்ந்துகொண்டது.

விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று காலை இதமாகவே கழிந்தது. கயத்தாற்றில், 1799ஆம் ஆண்டு கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடத்து நினைவு மண்டபத்தின் முன் படம் எடுத்துக்கொண்டோம். திருநெல்வேலியைப் புறவழிச்சாலையில் கடந்து, நாங்குநேரியும் தாண்டி, வள்ளியூருக்கு ஆறேழு கிலோமீட்டர் இருக்கையில் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. என்ஜின் மட்டும் சுமையில்லாமல் அலறியது, வண்டி மெல்ல மெல்ல நின்றது. திரும்பிப் பார்த்தால் செயின் இருபதடி பின்னால் தாரில் கிடந்தது. அது பல்சக்கரத்தில் சுற்றிப் பின்சக்கரத்தைப் பூட்டியிருந்தால் இம்மடலை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

சாலையோரப் பனைமரத்தடியில் நுங்கு வெட்டிக்கொண்டிருந்த பெரியவரே, தங்கள் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. "வண்டி நின்னு போச்சா அண்ணாச்சி? மொதல்ல நிழலுக்கு வாங்க" என்று கூப்பிட்டு, நாங்கள் வாய் திறப்பதற்குள் ஆளுக்கு மூன்று நுங்கு கையில் கொடுத்தீர்கள். வாத்தியாரின் துணைவியாருக்குக் கண் கழுவத் தண்ணீர் கொடுத்தீர்கள். வெட்டி வைத்திருந்த குலையில் பாதி எங்களுக்கே போயிற்று, பணத்தை நீட்டியபோது, "காஷ்மீர்ல இருந்து வந்தவங்ககிட்ட நுங்குக்குக் காசு வாங்கச் சொல்லுதீங்களா?" என்று அரிவாளைத் துடைத்து எடுத்து வைத்துவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டறை எதுவும் திறந்திருக்காது, வள்ளியூர் விலக்கில் டீக்கடை அம்மாவிடம் கேளுங்கள் என்று வழிகாட்டியவரும் தாங்களே.

அந்த ஆறேழு கிலோமீட்டரையும் கடக்கச் செய்தவன் என் மருமகன். தன் வண்டியை ஓட்டியபடி, வலது காலை நீட்டி என் வண்டியின் ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றி, விலக்கு வரை தள்ளிக்கொண்டே வந்தான். நெடுஞ்சாலையில் இப்படிச் செய்வது ஆபத்து, யாருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்; எங்களுக்குக் காவலாக வாத்தியார் பின்னால் இண்டிகேட்டரைப் போட்டபடி வந்தார். மறுநாள் அவனால் மாடிப்படி ஏற முடியவில்லை என்று அக்காள் தொலைபேசியில் என்னைத் திட்டியது தனிக்கதை.

டீக்கடை அம்மா அவர்களே, கொதிக்கிற பாலை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, மகனைச் சைக்கிளில் மெக்கானிக் வீட்டுக்கு அனுப்பினீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோற்றின் நடுவில் எழுந்து, கைகூடச் சரியாகக் காயாமல், கைலியோடு வந்து நின்றார் அந்த மெக்கானிக் தம்பி. பல்சக்கரத்தைப் பார்த்ததும், "பல்லு சுறாப்பல்லு மாதிரி சாஞ்சிருக்கு, எப்பமே மாத்தியிருக்கணும் சார்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அறுந்த கண்ணியைத் தட்டி எடுத்து, செயினை மண்ணெண்ணெயில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, செயினின் இரு முனைகளையும் இணைக்கும் புது லாக் ஒன்றைக் கோத்தார். லாக்கின் கிளிப்பை மாட்டும்போது அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும், மாறிப்போனால் ஓட்டத்தில் தட்டித் தட்டிக் கழன்றுவிடும் என்று என் விரலைப் பிடித்து அந்த முனையைத் தொட்டுக் காட்டினார். முப்பது ஆண்டுகளாக வண்டி ஓட்டும் எனக்கு இது அன்றுதான் தெரியும். கடைசியில் லாக்குக்கு அறுபது ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டு, கூலியைக் கடைசி வரை வாங்க மறுத்துவிட்டார்.

அந்தத் தம்பிக்கு வேறொரு நன்றியும் கடன்பட்டிருக்கிறேன். ஆனி மாதக் காற்றைப் பற்றி அவர் எச்சரித்திராவிட்டால் கடைசி ஒரு மணி நேரம் எப்படிக் கழிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பணகுடியைத் தாண்டியதும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வரும் காற்று வலப்பக்கத்தில் அறையும், வண்டியை வலப்புறம் சாய்த்தே ஓட்ட வேண்டியிருக்கும் என்பது இந்தப் பக்கத்தில் பிறந்த எனக்கும் தெரியும். ஆனால் லாரி ஒன்று நம்மை முந்தும்போது காற்று சட்டென்று மறைந்து, சாய்ந்த சாய்ப்பிலேயே வண்டி லாரியின் பக்கம் இழுபடும் என்பதையும், லாரி விலகிய மறுநொடி இரட்டை வேகத்தில் அடிக்கும் என்பதையும், ஆகவே லாரி பின்னால் வருவது கண்ணாடியில் தெரிந்ததுமே வேகத்தைக் குறைத்து இடது ஓரம் ஒதுங்கிவிட வேண்டும் என்பதையும் அவர்தான் விளக்கினார். காவல்கிணறு வரும்வரை காற்றாலைகளின் நடுவே நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் நாங்கள் போகவில்லை. அவர் சொன்னபடியே மூன்று முறை நடந்தது.

குமரிமுனையில் மேகம் மூடி, சாரல் விழுந்துகொண்டிருந்ததால் சூரியன் மறைவதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. குடும்பத்தார் சுக்குக் காப்பியோடு குடைபிடித்துக் காத்திருந்தார்கள். அவர்களுக்கும் எங்கள் நன்றி.

வீட்டில் பையைக் கொட்டியபோது கருவிகளுக்கிடையே எங்களுடையதல்லாத ரிங் ஸ்பேனர் ஒன்று கிடந்தது. பின்சக்கர அச்சை முறுக்கும்போது, "இதைக் கொஞ்சம் பிடிங்க சார்" என்று மெக்கானிக் தம்பி என்னிடம் கொடுத்தது. பிடியில் நீல இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறது, நிச்சயமாகத் தேடிக்கொண்டிருப்பார். வரும் ஞாயிற்றுக்கிழமை நால்வரும் வள்ளியூர் விலக்குக்கு வந்து அதை ஒப்படைக்கிறோம். நுங்குப் பெரியவரையும் அப்படியே பார்த்துவிட்டு வர எண்ணம். தம்பி அஞ்ச வேண்டாம், இம்முறை கறிச்சோறு முடிந்து கை கழுவிய பிறகே வருவோம்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
நாகர்கோவிலிலிருந்து நால்வர்