தியேட்டரில் சொல்லிக்கொடுத்த சிஸ்டருக்கு நன்றி

அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் பயிற்சிக்குப் போகும் மாணவர்கள் எல்லாரும் சர்ஜனின் கையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்போம், ஆனால் எனக்கு ஆபரேஷன் தியேட்டரை உண்மையில் சொல்லிக்கொடுத்தது கருவிகளை எடுத்துக்கொடுக்கும் ஒரு ஸ்க்ரப் சிஸ்டர். பெயர் போட வேண்டாம் என்றார், சரி, போடவில்லை.

கை கழுவுவதிலிருந்தே ஆரம்பித்தார். கை எப்போதும் முழங்கையைவிட உயரத்தில் இருக்க வேண்டும், தண்ணீர் விரல் நுனியிலிருந்து முழங்கைப் பக்கம் வடிய வேண்டும், திரும்பி விரலுக்கு வரக்கூடாது. கவுன் போட்ட பிறகும் முதுகுப் பக்கம் ஸ்டெரைல் (கிருமியற்றது) கிடையாது, கையை நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவில் முன்னாலேயே வைத்துக்கொள் என்பார். புத்தகத்திலும் இதெல்லாம் இருக்கிறதுதான், ஆனால் பக்கத்தில் நின்று ஒருவர் காட்டும்போதுதான் உடம்பில் ஏறுகிறது.

வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கும் கருவியான ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். முழங்காலை விறைப்பாக வைக்காதே, சாப்பிடாமல் வராதே, தலை சுற்றினால் சொல்லிவிட்டுப் பின்னால் நகர்ந்து உட்கார், அதில் வெட்கமே இல்லை என்றார். இதை வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அப்புறம் அந்த எண்ணிக்கை! உடம்புக்குள் எதுவும் தங்கிவிடக் கூடாது என்று பஞ்சு, ஊசி, கருவிகள் எல்லாவற்றையும் ஆரம்பிக்கும் முன்பு, வயிற்றை மூடும் முன்பு, தோலைத் தைக்கும் முன்பு என்று வாய்விட்டு எண்ணுவார். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலிலும் இது உண்டு. கணக்கு ஒத்துவராவிட்டால் எவ்வளவு பெரிய சர்ஜனாக இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும், அதை அவர் குரலை உயர்த்தாமல் சொல்வார்.

சிஸ்டர், நீங்கள் எடுத்துவைத்துக் கொடுத்த காலாவதியான தையல் நூலில்தான் இன்னமும் ஒற்றைக் கை முடிச்சு பழகுகிறேன். ரொம்ப ரொம்ப நன்றி.