ஆயுள் கைதிகளின் முன்விடுதலை மனுக்களைப் பரிசீலிக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இப்போது ஒரு சிறையில் வாரத்துக்கு ஒருநாள் வகுப்பு எடுக்கிறேன். அங்கே முன்விடுதலைக்கு மனுப்போட்டு மறுக்கப்பட்ட சிலர் தங்கள் ஆணைகளைக் காட்டினார்கள். காரணம் என்ற இடத்தில் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே வரிதான்: குற்றத்தின் கொடூரத் தன்மையைக் கருத்தில் கொண்டு மனு நிராகரிக்கப்படுகிறது.

குற்றம் கொடூரமானதுதான். அதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் தீர்ப்பு வந்த அன்றும் அது அப்படித்தான் இருந்தது, இன்னும் 30 வருடம் போனாலும் அப்படியேதான் இருக்கும். மாறவே முடியாத ஒன்றுதான் காரணம் என்றால் மனு எதற்கு, குழு எதற்கு?

சட்டம் உங்களிடம் கேட்பது வேறு. மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவர் குறைந்தது 14 ஆண்டு உள்ளே இருக்க வேண்டும் என்று 1978-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அதன் இடத்தில் வந்த புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) அது 475-ஆம் பிரிவு. 14 ஆண்டு முடிந்ததும் கதவு தானாகத் திறந்துவிடாது. ஆயுள் என்றால் ஆயுள் முழுக்கத்தான் என்று 1961-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திறக்கலாமா என்று பார்க்கத்தான் நீங்கள் இருக்கிறீர்கள். எதைப் பார்ப்பது என்பதற்கு 2000-இல் லட்சுமண் நாஸ்கர் வழக்கில் ஐந்து கேள்விகளை அந்த நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. குற்றம் சமூகத்தை விரிவாகப் பாதிக்காத தனிப்பட்ட செயலா? மறுபடி நடக்க வாய்ப்பு உண்டா? குற்றம் செய்யும் திறன் இவரிடம் இன்னும் இருக்கிறதா? இனியும் அடைத்து வைப்பதால் பயன் உண்டா? குடும்பத்தின் நிலை என்ன? முதல் கேள்வி மட்டும்தான் பழைய நாளைப் பற்றியது. மற்ற நான்கும் உங்கள் முன் இன்று இருக்கிற ஆளைப் பற்றியவை.

'அப்போ கொன்றவன் வேறு ஆள், இவன் வேறு ஆள் என்கிறீரா?' என்று நீங்கள் கேட்கலாம். இல்லவே இல்லை. மிலிந்த மன்னனும் பௌத்தத் துறவி நாகசேனரும் உரையாடும் பழைய பாலி நூலான மிலிந்த பன்ஹாவில் நாகசேனர் இந்த வாதத்தை எப்போதோ முறித்துவிட்டார். மாம்பழம் திருடியவன் மன்னன் முன் நின்று, 'நான் பறித்த பழம் வேறு, இவர் நட்ட கொட்டை வேறு' என்று சொன்னால் விட்டுவிடுவீர்களா என்று மிலிந்த மன்னனிடம் கேட்கிறார். விடமாட்டேன் என்கிறான் மன்னன். அந்தக் கொட்டை இல்லாமல் இந்தப் பழம் இல்லை. நிலையான ஆன்மா என்று ஒன்று கிடையாது என்று சொன்ன பௌத்தம்கூட, செய்தவனைச் செயலிலிருந்து கழற்றிவிடவில்லை.

மணிமேகலையில் இது இன்னும் கூர்மையாக வருகிறது. காயசண்டிகையின் வடிவில் இருந்த மணிமேகலையைத் தேடி இரவில் சோழ இளவரசன் உதயகுமரன் வருகிறான். அவளைத் தன் மனைவி என்றே எண்ணிய காஞ்சனன் அவனை வெட்டிவிடுகிறான். உதயகுமரன் உயிரைக் குடித்தது அவனுடைய பழவினைதான் என்கிறது கந்திற்பாவை, அதாவது தூணில் இருந்து பேசும் தெய்வப் பாவை. அதோடு நிறுத்தியிருந்தால் காஞ்சனனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் பாவை நிறுத்தவில்லை. ஆனாலும் அறியாமல் கொடுவினை செய்தாய், அது உன்னை விட்டு அகலாது என்கிறது. ஊழ் என்றாலும் சரி, சூழ்நிலை என்றாலும் சரி, வெட்டியது உன் கைதான். இவ்வளவு கண்டிப்பான அதே காப்பியத்தில்தான் மணிமேகலை சோழ மன்னனிடம் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித்தரக் கேட்கிறாள், அவனும் சம்மதிக்கிறான். செய்தவனைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காமலேயே சிறையைத் திறக்க முடியும் என்று அந்தப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் 1694-இல் வேறு வழியில் போனார். எதுவரை ஒருவரின் நினைவு எட்டுகிறதோ அதுவரைதான் அவர் அதே ஆள் என்றார். அப்புறம் குடிபோதையில் செய்ததை என்ன செய்வது? உண்மையாக மறந்தவரையும் நடிப்பவரையும் மனிதர்கள் நடத்தும் நீதிமன்றத்தால் பிரித்தறிய முடியாது, அதனால் தண்டிக்கிறது என்றார்.

இதை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். இருபது சொச்சம் வயதில் உள்ளே வந்தவர், இப்போது தலை பாதி நரைத்துவிட்டது. "போதையில ஒண்ணும் தெரியலன்னுதான் சார் கோர்ட்டுல சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். ஆனா எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. அருவா கூரையில சொருகியிருந்துச்சு. தெருவுலேர்ந்து வீட்டுக்குள்ள போயி, எடுத்துக்கிட்டு, திரும்பி வந்தேன். உள்ள போன நேரத்துல அப்படியே உக்காந்திருக்கலாம்." சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டார். வகுப்பில் யாரும் பேசவில்லை.

அந்தத் தெருவுக்கும் கூரைக்கும் இடையே இருந்த சில அடிகளில், தான் நின்றிருக்க முடியும் என்று ஒருவர் சொல்கிறார். செயலைத் தன்னுடையது என்று முழுக்க ஏற்றுக்கொண்டதால்தான் இன்று அவரால் இதைச் சொல்ல முடிகிறது. 'அது நான் இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தால் அவர் மாறவில்லை என்றே நான் முடிவு செய்திருப்பேன். இவருடைய ஆணையிலும் அந்த ஒரே வரிதான் இருந்தது. இவர் சொன்னதைக் கேட்கும் வாய்ப்பு உங்களுக்கு வரவே இல்லை. காகிதத்தில் இருந்தவர் அந்த இரவின் இளைஞர் மட்டும்தான்.

இன்னொரு ஆங்கிலேயத் தத்துவவாதி டெரிக் பார்ஃபிட் 1984-இல் ஒரு கற்பனை ஆளை முன்வைத்தார். அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற 90 வயதுக்காரர், 20 வயதில் குடிச்சண்டையில் ஒரு போலீஸ்காரரைக் காயப்படுத்தியவன் தான்தான் என்று ஒப்புக்கொள்கிறார். இன்று அவர் தண்டனைக்கு உரியவர் இல்லாமல் போகலாம் என்றார் பார்ஃபிட். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். கொலையில் இறந்தவரின் தாய்க்கு வருடங்கள் போனதால் எதுவும் தேய்வதில்லை. அந்த வீட்டின் குரலையும் நீங்கள் கேட்க வேண்டும், அவர்களுக்கு அச்சம் இருந்தால் அதற்கு ஏற்ற நிபந்தனைகளோடுதான் விடுதலை இருக்க வேண்டும்.

நான் கேட்பது இதுதான். மனுதாரரை நேரில் அழைத்தோ காணொலியிலோ பேசவிடுங்கள். அவர் செய்ததை அவரே சொல்லக் கேளுங்கள். நன்னடத்தை அலுவலரின் அறிக்கை ஊரில் நாலு பேரிடம் விசாரித்ததோடு நிற்காமல், பல ஆண்டுகளாக அவரைப் பார்த்துவரும் சிறைக் காவலர்கள், பட்டறைப் பொறுப்பாளர், ஆசிரியர் ஆகியோரின் வார்த்தையையும் கொண்டுவரட்டும். அதற்குப் பிறகும் மறுப்பதாக இருந்தால் மறுங்கள். ஆனால் ஆணையில் இன்றைய மனிதரிடம் எதைக் குறையாகக் கண்டீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த முறை மனுப்போடுவதற்குள் அவர் மாற்றிக்கொள்ள முடிகிற ஒன்றாக அது இருக்கட்டும்.

மரியாதையுடன்,
சிறை வகுப்பு ஆசிரியர் ஒருவர்