நாவல் மரத்தை வெட்டிவிடாதே, சரோ

அன்புள்ள சரோ,

உன் கடிதம் மாசியிலேயே வந்துவிட்டது. கொல்லை நாவல் மரத்தின் கிளை பக்கத்து வீட்டுக் கூரைப்பக்கம் சாய்ந்து சண்டையாகிறது, மகனுக்கும் கார் நிறுத்த இடம் வேண்டும், அதனால் மரத்தை அடியோடு வெட்டப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். பதில் போடாமல் ஜப்பானுக்கு விமானம் ஏறிவிட்டேன் என்று நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது தெரியும். அங்கிருந்து அனுப்பிய படங்களுக்கெல்லாம் ஒரு கட்டைவிரலோடு நிறுத்திக்கொண்டாயே, அப்போதே புரிந்துவிட்டது. கோபப்படு, நியாயம்தான். ஆனால் இதைப் படித்து முடிக்கிறவரை அந்த மரம் வெட்டுகிறவருக்கு முன்பணம் மட்டும் கொடுத்துவிடாதே.

நாங்கள் எல்லோரும் நலம். ஒஸாகாவில் பேத்தி இப்போது 'பாட்டி' என்று தெளிவாகக் கூப்பிடுகிறாள். பெரியக்காவுக்கு நீ கொடுத்தனுப்பிய தைலம் போய்ச் சேர்ந்தது. ராகவன் விஷயம் நேரில்தான் பேச வேண்டும். சரி, மரத்துக்கு வருகிறேன்.

ஏப்ரல் முதல் வாரம் மகள் என்னைக் கியோட்டோவுக்குக் கூட்டிப்போனாள். மருயாமா பூங்காவின் நடுவில் ஒரே ஒரு பெரிய செர்ரி மரம் நிற்கிறது. கிளைகள் கீழ்நோக்கித் தொங்குகிற ஜாதி. ஒரு இலை கிடையாது, உச்சி முதல் நுனி வரை வெளிர் பூ. எவ்வளவு கூட்டம் என்கிறாய்! ஆனாலும் மரத்தடியில் நம் திருவிழாச் சத்தம் இல்லை. எல்லோரும் அண்ணாந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கழுத்து வலித்துக் கண்ணைக் கீழே இறக்கினால், கிளைகளுக்கு அடியில் முட்டுகள்! வயதானவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து நிறுத்துகிற மாதிரி, கம்பம் கம்பமாக நட்டுத் தாங்க வைத்திருக்கிறார்கள். அந்த நிமிஷம் உன் கொல்லைதான் ஞாபகம் வந்தது.

அங்கே நிற்பது இரண்டாவது மரம், சரோ. முதல் மரம் இருநூறு வயதுக்கு மேல் வாழ்ந்து 1947இல் பட்டுப்போனது. அது உயிரோடு இருக்கும்போதே அதன் விதையை எடுத்து ஒருவர் கன்று வளர்த்து வைத்திருந்தார். அதைத்தான் 1949இல் அதே இடத்தில் நட்டார்கள். அவர் பெயர் சானோ தோஎமோன், தோட்டக்காரர் பரம்பரை. அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக மூத்தவர் அதே பெயரை ஏற்றுக்கொள்வாராம். விதை எடுத்தவர் பதினைந்தாமவர். தன் காலத்தில் இந்த மரம் போய்விடும் என்று எண்ணி, அது நன்றாகப் பூத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைத் தயார் செய்த மனுஷனை நினைத்து எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

மறுநாள் தைகோஜி கோயில். அங்கே ஐந்தடுக்குக் கோபுரம் ஒன்று இருக்கிறது, முழுக்க மரத்தாலானது, 951இல் கட்டி முடித்தது. கியோட்டோவில் இன்று நிற்கிற கட்டடங்களில் அதுதான் மிகப் பழையது. 1598இல் ஹிதேயோஷி என்ற ஆட்சியாளர் அந்தக் கோயில் மலையில் எழுநூறு செர்ரி மரங்களைக் கொண்டுவந்து நடவைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கூட்டிப் பூப்பார்க்கும் விழா நடத்தினார். அதே வருஷம் சில மாதத்தில் செத்தும்போனார். மகள் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வர, நான் ஒரு கிழட்டு மரத்தடியில் குந்திவிட்டேன். அந்த முட்டுக்கம்பத்தை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் எனக்கு.

கேள். கம்பத்தின் தலையில் குறுக்குக்கட்டை ஒன்று, கிளை அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. மரத்தோடு மரம் உரசிப் புண்ணாகிவிடக் கூடாது என்று இடையில் பட்டையைச் சுற்றியிருக்கிறார்கள். அதற்கு மேல் கறுப்புச் சாயம் ஏற்றிய பனைவகை நார்க்கயிறு. முடிச்சு ஒவ்வொன்றும் ஒரே மாதிரி, நுனி ஒரே அளவுக்கு நறுக்கியது. நம் தென்னங்கயிற்றை நினைத்துக்கொள், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த முட்டுக்கு அவர்கள் மொழியில் 'ஹோஸுஎ' என்று பெயர். யோசனையில் உட்கார்ந்திருக்கும்போது கன்னத்தைக் கையில் தாங்குகிறோமே, அதற்கும் அதே சொல். கிளை கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறதாம்! ஹாஸ்டல் ஜன்னலோரம் நீ உட்காருவாயே, அப்படி.

இதைக் கேட்டதும் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். 'அவர்களுக்குப் பூ இருக்கிறது, எனக்குப் பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் சண்டையும்தான் இருக்கிறது.' வெட்டச் சொன்னவர்களும் அங்கே உண்டு, மறைக்க மாட்டேன். தோஃபுகுஜி கோயிலில் செர்ரி மரமே கிடையாது. அங்கே மின்ச்சோ என்று ஓவியத் துறவி ஒருவர் இருந்தார். அவர் வரைந்த புத்தர் படத்தில் மகிழ்ந்து, அப்போது நாட்டை ஆண்ட ஷோகன் என்ன வேண்டும் என்று கேட்க, 'இந்த மரங்களை வெட்டிவிடுங்கள், கோயில் கேளிக்கைக்கூடம் ஆகிவிடும்' என்றாராம். கதையாக இருக்கலாம். ஆனால் கோயிலைக் கோயிலாக வைக்க அவர் வெட்டச் சொன்னார். உன் மகன் கார் நிறுத்த இடம் வேண்டும் என்று சொல்கிறான்.

இன்னொன்று. அங்கே ஒரு பழமொழி: செர்ரியை வெட்டுகிறவன் முட்டாள், ப்ளம் மரத்தை வெட்டாதவன் முட்டாள். செர்ரியில் வெட்டுப்பட்ட இடம் சீக்கிரம் அழுகிவிடும். ப்ளம் கழித்தால்தான் நன்றாகக் காய்க்கும். உன் நாவல் இரண்டாவது வகை. தாராளமாகக் கழிக்கலாம், மறுபடி துளிர்க்கும். அடியோடு வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. மாமனார் கையால் வைத்த மரம் என்று நீதானே எழுதியிருந்தாய்? அந்த வரியைக் கியோட்டோவில் மூன்று தடவை எடுத்துப் படித்தேன்.

அப்புறம் ஒன்று சொல்ல மறந்தேன். கியோட்டோவில் செர்ரி எப்போது முழுக்கப் பூத்தது என்று 9ஆம் நூற்றாண்டிலிருந்து குறிப்பு இருக்கிறது. அரசர்களும் பிரபுக்களும் துறவிகளும் நாட்குறிப்பில் எழுதி வைத்தது. யாசுயுகி ஆவோனோ என்ற பேராசிரியர் அதையெல்லாம் தேடித் தொகுத்தார். 2021இல் மார்ச் 26ஆம் தேதியே முழுக்கப் பூத்துவிட்டதாம், அதுவரை ஆயிரத்து இருநூறு வருஷத்தில் அவ்வளவு சீக்கிரம் பூத்ததே இல்லை. வெயில் ஏறுகிறது, சரோ. நகரமும் சூடாகிறது. இந்த ஊர்ச் சித்திரையில் கொல்லையில் இருக்கிற ஒரே நிழலையும் எடுத்துவிட்டு எங்கே உட்காரப்போகிறாய்? எனக்கு இது விளையாட்டாகத் தெரியவில்லை. உன் கடிதத்தில் சிரித்துக்கொண்டே எழுதியிருந்தாலும் உனக்கும் தெரிந்திருக்காது.

கடைசி நாள் தத்துவப் பாதை என்கிற கால்வாய்க் கரையில் நடந்தோம். உதிர்ந்த இதழ்கள் தண்ணீரை மூடி ஒட்டிக்கொண்டு மெல்ல நகர்ந்தன. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் பூத்தெப்பம். பேத்தி அதில் குச்சி போட்டுக் கலைத்துக்கொண்டே வந்தாள்.

ஆகவே இப்படிச் செய். இப்போது மரத்தில் பூவும் பிஞ்சுமாக இருக்கும், கத்தி வைக்காதே. ஆடிக் காற்றுக்கு முன்னால் கூரைப்பக்கம் சாய்ந்த கிளைக்கு முட்டுக்கொடுத்துவிடலாம். பழம் முடிந்ததும் அந்தக் கிளையின் பாதியைக் கழிக்கலாம். பக்கத்து வீட்டம்மாவிடம் நானே வந்து பேசுகிறேன், என் பேச்சுக்கு அவர் மசிவார். வைகாசி முதல் வாரம் வருகிறேன். உனக்காக உப்பில் போட்ட செர்ரிப் பூ ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன், வெந்நீரில் போட்டால் விரியும்.

கிளையின் அடிப்பக்கத்திலிருந்து தரைவரை எத்தனை அடி என்று மகனை அளக்கச் சொல்லி உடனே எழுது. சவுக்குக் கம்பு இரண்டும் பழைய சாக்கும் போதும். கயிறு நான் கொண்டுவருகிறேன்.

உன்,
வசந்தா