ஜூலை 1: தமிழ் வகுப்பு எந்த அறையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனாவால் மூடிக் கிடந்த பள்ளிகள் இங்கே மொரீசியஸில் இந்த 2020 ஜூலை 1 அன்று திறக்கப் போகின்றன. மார்ச் 18 இரவு, நாட்டில் முதன்முதலாக 3 பேருக்குத் தொற்று என்று அறிவித்தார்கள், மறுநாளே பள்ளிகளை மூடிவிட்டார்கள். எங்கள் வகுப்புக் கரும்பலகையில் நான் எழுதிப்போட்ட வீட்டுப்பாடம் இன்னும் அப்படியேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

திறப்பு பற்றிப் பேச எங்கள் தொடக்கப்பள்ளியில் போன வாரம் ஆசிரியர்களும் பெற்றோர் சிலரும் கூடினோம். குழாயடியில் எத்தனை பிள்ளைகள் நிற்கலாம், மேசைகளை எப்படிப் போடுவது, இடைவேளையை இரண்டாகப் பிரிக்கலாமா என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பேச்சு. எல்லாம் வேண்டியதுதான். கடைசியில் ஒருவர் சொன்னார்: "வகுப்புகள் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. அதனால் மொழிப் பாடவேளையைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாமே." தலைகள் ஆடின. கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஆனால் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

வெளிநாட்டு வாசகர்களுக்கு இது புரியாமல் போகலாம். இங்கே தமிழ் ஒரு விருப்பப் பாடம். இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி, கிரியோல் (பிரெஞ்சு வழி வந்த எங்கள் ஊர்ப் பேச்சுமொழி) என்று பெற்றோர் எதைத் தேர்ந்தெடுத்தார்களோ, அந்தப் பாடவேளைக்குப் பிள்ளைகள் பிரிந்து போவார்கள். எங்கள் பள்ளியில் ஒரு வகுப்பில் தமிழ் எடுப்பவர்கள் நாலு பேர், இன்னொன்றில் ஆறு பேர். எல்லாரையும் சேர்த்தால்தான் ஓர் அறை நிறையும். தொற்று விதிப்படி பார்த்தால் என் அறைதான் பள்ளியிலேயே மோசமான அறை. அதை நான் மறுக்கவில்லை.

கொஞ்ச நாள் என்பதுதான் எனக்குப் பயம். கணக்குப் பாடம் மூன்று மாதம் நின்றால் அப்பா சொல்லித் தருவார், டியூஷன் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளின் வீட்டில் பேச்சு கிரியோல். அம்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. பாட்டிக்குத் தேவாரம் இரண்டு பாட்டு மனப்பாடம், அதையும் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துத்தான் படிப்பார். பள்ளியில் நின்றால் இவர்களுக்குத் தமிழ் எல்லா இடத்திலும் நின்றுபோகும். கோவில்களில் நடக்கும் வார இறுதி வகுப்பும் மூடிக் கிடந்தது. சித்திரை முதல் நாளுக்கே கோவிலுக்குப் போக முடியவில்லையே.

ஊரடங்கில் நாங்கள் சும்மா இருக்கவில்லை. தொலைக்காட்சியில் பாடம் வந்தது. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினேன். போனில் டேட்டா தீர்ந்துபோகும் வீடுகளுக்கு என்ன செய்வது? அதற்கு வழி சூப்பர்மார்க்கெட் வரிசையில் கிடைத்தது. ஏப்ரலில் குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படிதான் கடைக்குள் விட்டார்கள்: ஏ முதல் எஃப் வரை திங்கள், வியாழன், ஜி முதல் என் வரை செவ்வாய், வெள்ளி, ஓ முதல் இசட் வரை புதன், சனி. பிள்ளை, ராமசாமி, வீரப்பன் எல்லாம் புதன், சனி! வரிசையைப் பார்த்தால் காவடித் திருநாள் கோவில் வாசல் மாதிரி. உள்ளே போனால் அரை மணி நேரம்தான், ஆனால் வெளியே நிற்கிற நேரத்துக்குக் கணக்கில்லை. பையில் பயிற்சித் தாள்களை மடித்து எடுத்துப்போய், எட்டி நின்றபடியே அம்மாக்களிடம் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை ஒரு தாள் மாவுக் கறையோடு திரும்பி வந்தது. ஓரத்தில் "மிஸ், ழ கஷ்டம்" என்று என் மாணவி எழுதியிருந்தாள். அந்த ழ மட்டும் சரியாக இருந்தது.

ழ என்றதும் இன்னொன்று. கிரியோல் பேசும் பிள்ளைக்கு ல, ள, ழ மூன்றும் காதில் ஒன்றாகத்தான் விழும். என் வாயைப் பார்த்து, நாக்கு எங்கே மடிகிறது என்று பார்த்துத்தான் பிடித்துக்கொள்வார்கள். முகக்கவசத்தோடு "மழை" என்றால் அவர்களுக்கு அது "மலை"தான். இந்த ஒரு விஷயத்தில் தொலைக்காட்சிப் பாடம் என்னைவிட மேல், சொல்பவரின் வாய் நன்றாகத் தெரிந்தது. வகுப்பில் பிளாஸ்டிக் முகத்தடுப்பு போட அனுமதித்தால் போதும். என் செலவிலேயே வாங்கிக்கொள்கிறேன்.

நான் கேட்பது பெரிதொன்றும் இல்லை. எல்லா வகுப்பையும் ஓர் அறையில் சேர்க்க வேண்டாம். பிள்ளைகள் அலைவதற்குப் பதில் நான் அலைகிறேன். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் என்றால், அந்த வகுப்புக்கு வெளியே தாழ்வாரத்தில் இடைவெளி விட்டு ஆறு நாற்காலி போட்டால் ஆயிற்று. மழை வந்தால் நூலக அறை. தினமும் கிடைக்காவிட்டாலும் வாரத்துக்கு இரண்டு முறை, அரை மணி நேரமாவது வேண்டும். ஆறாம் வகுப்புக்காரர்களுக்குக் கூடுதலாக வேண்டும், அவர்களுக்குத் தேர்வு இருக்கிறது. மகாத்மா காந்தி நிறுவனத்தின் பாடநூல் எல்லார் கையிலும் இருப்பதால் புதிதாக அச்சடிக்கவும் தேவையில்லை.

இந்தி, உருது ஆசிரியர்களும் இதே கவலையில்தான் இருக்கிறார்கள். மூன்று பேரும் சேர்ந்து ஒரு நேர அட்டவணை எழுதி வைத்திருக்கிறோம். பள்ளியின் அடுத்த கூட்டம் 24ஆம் தேதி. வேறு பள்ளிகளில் தமிழ் வகுப்புக்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் அதற்குள் இந்தப் பகுதிக்கு எழுதினால், கையில் எடுத்துக்கொண்டு போவேன்.

ஒரு தமிழாசிரியை,
ரோஸ்ஹில், மொரீசியஸ்
ஜூன் 2020