நாளைய பனிமலைப் பயணம்: கிளம்பும் முன் படியுங்கள்

வணக்கம். நேற்றிரவு பலத்த காற்றோடு புதுப்பனி விழுந்திருக்கிறது. அதனால் காலையில் பனிச்சரிவு முன்னறிவிப்பைப் பார்த்த பிறகே கிளம்புவோம். அபாய அளவு 5 நிலைகளில் 3 அல்லது அதற்கு மேல் இருந்தால், 30 முதல் 45 டிகிரி சரிவுகளில் ஏறவும் வேண்டாம், அடியில் நிற்கவும் வேண்டாம்.

முதலில் பனி அடுக்குகள் உறுதியாக இருக்கின்றனவா என்று பனியில் ஒரு குழி தோண்டிப் பார்ப்போம். குழியின் சுவரில் 30 செ.மீ. அகலப் பனித் தூண் வெட்டி, மேலே மண்வெட்டியை வைத்து, கையை முதலில் மணிக்கட்டிலிருந்தும், பிறகு முழங்கையிலிருந்தும், கடைசியில் தோளிலிருந்தும் அசைத்துப் பத்துப் பத்துத் தட்டு. அடியில் சர்க்கரை மாதிரி உதிரும் அடுக்கின் மேல் பனி பலகையாக வழுக்கினால் திரும்பிவிடலாம். தூண் அசையாவிட்டாலும் சரிவு முழுவதும் பத்திரம் என்று அர்த்தமில்லை.

காலடியில் ‘தொம்’ என்று பனி அமுங்கினாலோ விரிசல் ஓடினாலோ உடனே கத்திச் சொல்லுங்கள். தயங்கவே வேண்டாம்.

அப்புறம், பீக்கன் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி), புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), மண்வெட்டி மூன்றும் எல்லோரிடமும் இருக்க வேண்டும்.