தண்ணீர்க் கரையில் பெட்டி ஒளிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கேச் உரிமையாளர்களே,

வணக்கம். ஜியோகேச்சிங் விளையாட்டுக்காக நீங்கள் ஒரு பெட்டியை (அதுதான் கேச்) ஒளித்து, அது இருக்கும் இடத்தை இணையத்தில் போடுகிறீர்கள்; நாங்கள் போனின் ஜிபிஎஸ்ஸை வைத்துத் தேடுகிறோம். உங்களில் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் புனைபெயர்கள் எனக்கு மனப்பாடம். மரப்பொந்தில் பெட்டியைச் செருகிவிட்டு அதன் மேல் எத்தனை பட்டைத் துண்டுகளைச் சாய்த்து வைப்பீர்கள் என்பது வரை தெரியும். இரண்டு கோடைகளாக நானும் கணவரும் இரண்டரை வயதுப் பாப்பாவும் நீங்கள் ஒளித்ததைத் தேடித்தான் சுற்றிக்கொண்டிருக்கிறோம். காலையில் ஒரு பெட்டி, அப்புறம் ஒரு குளியல், பாப்பாவுக்குக் கண் சொருகினால் வீடு. எங்கள் விடுமுறை இவ்வளவுதான். இதைக் காசு வாங்காமல் எங்களுக்குக் கொடுத்தவர்கள் நீங்கள். அதற்கு நன்றி.

நன்றி சொன்ன வாயாலேயே குறையும் சொல்வது அழகில்லைதான். ஆனாலும் போன மாதம் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

குளிக்க வசதியான ஓர் ஏரிக்கரை. தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மரப்பலகை மேடை. அந்தக் கேச்சின் இணையப் பக்கத்தில் ஐந்துக்குக் கடினம் 1.5, டெர்ரைன் (போய்ச் சேரும் வழியின் சிரமம்) 1.5 என்று போட்டிருந்தது. கூடவே ‘குழந்தைகளுக்கு ஏற்றது’ என்ற அடையாளம். போனில் அம்புக்குறி எங்களை மேடையின் நுனிக்கே கூட்டிப் போனது. துண்டும் மாற்றுத்துணியும் இருந்த பையை எடுக்கக் கணவர் வண்டிக்குப் போயிருந்தார். ஒரு கையில் போன், மறு கையில் பாப்பா. குறிப்பைப் படித்தால் ‘கீழே, காந்தம்’ என்றிருந்தது. அதாவது குப்புறப் படுத்து, பலகைக்கு அடியில் கையை விட்டுத் தடவ வேண்டும். அதற்கு இரண்டு கையும் வேண்டும். “இங்கேயே உக்காரும்மா” என்று சொல்லிவிட்டுப் பாப்பாவின் கையை விட்டேன்.

பத்து விநாடி இருக்கும். விரலில் ஏதோ உலோகம் தட்டுப்பட்டது. நிமிர்ந்தால் அவள் என்னைப் போலவே நுனியில் குனிந்து நின்றுகொண்டு, “பொட்டி அங்க இருக்கு” என்று தண்ணீரைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய கால் விரல்கள் பலகையைத் தாண்டி வெளியே இருந்தன. சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுதப் பெட்டிக்குள் இருக்கும் லாக் புத்தகத்தில் கையெழுத்துப் போடாமலேயே திரும்பிவிட்டோம்.

தப்பு என்னுடையது. அதில் சந்தேகமே இல்லை. கையை விட்டது நான்தான். கணவர் வரும்வரை காத்திருந்திருக்கலாம். இருந்தாலும் அன்று இரவு யோசித்தபோது ஒன்று பிடிபட்டது. உங்கள் விளையாட்டும் தண்ணீரும் என்னிடம் கேட்பது ஒரே பொருளை. என் கண்ணை. பெட்டி தேடுகிறவர் திரையைப் பார்ப்பார், கல்லிடுக்கைப் பார்ப்பார், யாராவது மக்கிள் (இந்த விளையாட்டு தெரியாத வெளியாள்) வருகிறாரா என்று வழியைப் பார்ப்பார். சின்னப் பிள்ளையோடு தண்ணீர்க் கரையில் இருப்பவர் பிள்ளையை மட்டும்தான் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வைத்தால் ஏதாவது ஒன்று தோற்கும்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்காக இதையும் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. மூச்சுக்கே வழியில்லாதபோது சத்தம் எங்கிருந்து வரும்? தவிர, அந்த வயதில் பிள்ளைகளுக்கு நிஜமாகவே தலைக்கனம். உடம்போடு பார்த்தால் தலை பெரிது. குனிந்தால் அதுவே முன்னால் இழுத்துவிடும். கணுக்கால் ஆழமே போதும். அதனால்தான் குழந்தை மருத்துவர்கள் ‘பார்வைக்கெட்டும் தூரம்’ என்பதோடு விடாமல் ‘கைக்கெட்டும் தூரம்’ என்கிறார்கள்.

இனி ஜிபிஎஸ் கணக்குக்கு வருகிறேன். திறந்தவெளியில் ஒரு நல்ல போன் காட்டும் இடம் நிஜ இடத்திலிருந்து 5 மீட்டர் வரை தள்ளியிருப்பது சாதாரணம். மரநிழலில் இன்னும் கூடும். காட்டுக்குள் அது ஒரு பொருட்டே இல்லை, ஐந்து மீட்டருக்குள் எல்லாக் கல்லையும் புரட்டிப் பார்ப்போம், அதுதானே சுகம்! ஆனால் பெட்டி கரை விளிம்பில் இருந்தால், அந்த ஐந்து மீட்டர் வட்டத்தில் பாதி தண்ணீருக்குள் விழும். அம்புக்குறி ஆடுகிற பக்கமெல்லாம் பாப்பா ஓடுவாள். ‘அது போனின் பிழை’ என்று அவளிடம் சொல்லிப் பயனில்லை.

ஆகவே என் முதல் கோரிக்கை, சொல்லப்போனால் முக்கியமான ஒரே கோரிக்கை: குளிக்கும் கரைக்கான பெட்டியைக் கரையில் வைக்காதீர்கள். ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் நடுவே 161 மீட்டர் விட வேண்டும் என்ற விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறீர்கள். அந்த அக்கறையில் ஒரு பங்கைப் பெட்டிக்கும் தண்ணீருக்கும் நடுவே காட்டினால் போதும். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து கரைக்குப் போகும் வழியில், ஒரு மரத்தின் பின்னால், ஒரு மதில் சந்தில் வைக்கலாம். ஏரியின் அழகைக் காட்டியே தீர வேண்டும் என்றால் கரையில் உள்ள அறிவிப்புப் பலகையிலிருந்து இரண்டு எண்களைக் குறித்துவரச் சொல்லுங்கள்; அதை வைத்துக் கணக்குப் போட்டு, உள்ளே தள்ளியிருக்கும் பெட்டியைக் கண்டுபிடிக்கிறோம்.

வழியில் வைத்தால் இன்னொரு லாபமும் உண்டு. முதலில் பெட்டி, பிறகு குளியல் என்ற வரிசை தானாக அமையும். எங்கள் அனுபவத்தில் அது தலைகீழானால் எதுவும் உருப்படாது. சின்ன உடம்பு தண்ணீரில் சீக்கிரம் சூட்டை இழந்துவிடும். உதடு நீலம் பூத்த பிள்ளையைத் துண்டில் சுருட்டித் தூக்கிக்கொண்டு எந்தப் புதருக்குள் போய்த் தேடுவது? ஈரக்கையால் தொட்ட லாக் தாள் அதோடு கூழ். காலையில் என்றால் அவளே வழி நடத்துவாள். தண்ணீரில் இறங்க வேண்டும் என்ற அவசரத்தில் அந்த இருநூறு மீட்டரைத் தூக்கச் சொல்லாமல் நடப்பாள். நடக்க வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது, பெட்டியின் அளவு. விரல் நுனி அளவு நானோ கேச்களை ஒளிப்பதில் உங்களுக்கு ஒரு பெருமை இருப்பது புரிகிறது. ஆனால் ஒரு நானோவின் வாலில் இருப்பது சின்ன, ஆனால் மிகவும் வலுவான காந்தம். கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடும் வயது இது. அப்படி இரண்டு காந்தங்கள் வயிற்றுக்குள் போனால், குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு ஓட்டை போட்டுவிடும். தனிப் பெரியவர்களுக்கு எங்கே வேண்டுமானாலும் நானோ வையுங்கள். ‘குழந்தைகளுக்கு ஏற்றது’ என்ற அடையாளத்தை மட்டும் அதற்குப் போடாதீர்கள்.

இந்த விளையாட்டு தொடங்கியதே ஒரு வாளியில்தான் என்பதையும் ஞாபகப்படுத்துகிறேன். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2 அன்று நிறுத்தியது. அடுத்த நாளே டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியை ஒளித்து, அதன் ஆயத்தொலைவுகளை இணையத்தில் போட்டார். உள்ளே லாக் புத்தகம், பென்சில், சில பொருள்கள், ஒரு டப்பா பீன்ஸ். ஏதாவது எடுங்கள், ஏதாவது வையுங்கள் என்பது அன்றே வந்த விதி. (இன்று பெட்டிக்குள் உணவுப் பொருள் வைக்க அனுமதி இல்லை, அந்த முதல் வாளியே இன்றைய விதியில் தேறாது.) எங்கள் வீட்டில் இந்த விதியை அப்படியே நம்புகிற ஆள் பாப்பா ஒருத்திதான். ஒரு லிட்டர் டப்பாவைத் திறந்ததும் உட்கார்ந்துவிடுவாள். பிளாஸ்டிக் டைனோசர், ஒற்றைக் கம்மல், வாத்து பொம்மை என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வரிசையாக வைப்பாள். கடைசியில் வாத்தை எடுத்துக்கொண்டு, வழியில் பொறுக்கிய கூழாங்கல்லை உள்ளே வைப்பாள். அவள் கணக்கில் அது நியாயமான வியாபாரம். அடுத்து வருகிறவர்கள் கல்லைப் பார்த்து என்ன நினைப்பார்களோ! அதற்காகவே நாங்கள் திருட்டுத்தனமாக இன்னொரு பொம்மையும் போட்டுவிட்டு வருவோம்.

கேச்சின் இணையப் பக்கத்தில் எழுதும் விவரம் பற்றியும் கொஞ்சம். ‘நீந்த வேண்டியிருக்கலாம்’, ‘தள்ளுவண்டி போகும்’ போன்ற அடையாளங்களை உள்ளது உள்ளபடி போடுங்கள். படகு தேவைப்படும் டெர்ரைன் 5 கேச் எங்களுக்குப் பயமே இல்லை, பார்த்ததும் ஒதுங்கிவிடுவோம். பயம் எல்லாம் 1.5 என்று சொல்லிக்கொள்ளும் வழுக்குப் பாறையைப் பார்த்துத்தான். கரையிலிருந்து எத்தனை அடியில் ஆழம் திடீரென்று இறங்குகிறது, கோடைக் கடைசியில் பச்சைப் பாசி மிதக்குமா, துணி மாற்ற நிழல் உண்டா என்று இரண்டு வரி எழுதினால் கையெடுத்துக் கும்பிடுவோம். குறிப்பு எழுதும்போதும் கொஞ்சம் இரக்கம் வேண்டும். ஆயிரம் கல் கிடக்கும் இடத்தில் ‘கல்’ என்று மட்டும் எழுதுபவரை நாங்கள் என்ன சொல்லித் திட்டுகிறோம் என்பது இங்கே வேண்டாம்.

எங்கள் பக்கமும் திருந்தியிருக்கிறோம். தேடுகிறவர் தேடுவார், பிள்ளையைப் பிடிக்கிறவர் பிடிப்பார். இரண்டையும் ஒருவரே செய்வதில்லை. மாற்றிக்கொள்ளும்போது “பாப்பா உங்க கையில” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எதிராளி “சரி” என்று சொல்ல வேண்டும். முதலில் நாடகம் மாதிரி இருந்தது, இப்போது பழகிவிட்டது. நீல நிற நீச்சல் உடை தண்ணீருக்கடியில் கண்ணுக்கே தெரியாது என்பதால் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்துக்கு மாறினோம். கையில் மாட்டும் காற்றுப் பட்டைகளை விளையாட்டுச் சாமானாக மட்டும் வைத்திருக்கிறோம்; அவற்றை நம்பி அரை அடி கூடத் தள்ளி நிற்பதில்லை.

அந்தப் பலகை மேடைக் கேச்சின் உரிமையாளருக்குத் தனியாக எழுதிவிட்டேன். அவர் யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை. இதற்கிடையில் நாங்களும் முதல்முறையாக ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. ஒரு லிட்டர் டப்பா, கரையிலிருந்து உள்ளே இருநூற்றுச் சொச்சம் அடி, வேலிக்கு இந்தப் பக்கம், தேடும்போது குழந்தையின் கையை விட வேண்டியிருக்காத உயரத்தில். உள்ளே புள்ளி வைத்த ஒரு கூழாங்கல் இருக்கும். மற்றதையெல்லாம் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறை அந்தப் பக்கம் போகும்போதும் அது இருக்கிறதா என்று திறந்து பார்க்கச் சொல்கிறாள் பாப்பா.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடாமல் திரும்பிய ஓர் அம்மா