இடுப்புப் பிடிப்பை அலட்சியப்படுத்த வேண்டாம்

மதிப்புமிகு ஆசிரியருக்கு வணக்கம்.

செம்பனை எனும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் 20 கிலோவையும் தாண்டும் பழக்குலைகளைக் குனிந்து தூக்கி ஏற்றும் எங்கள் மக்களிடையே இடுப்புப் பிடிப்பு அன்றாடப் பேச்சாகிவிட்டது. கீழ்முதுகின் தசையோ தசைநாரோ அளவுக்கு மீறி இழுபடுவதால் வரும் இவ்வலி, சுமை தூக்கிய கணத்திலேயே வெட்டி இழுக்கலாம். சிலருக்கோ மறுநாள் காலையில்தான் முதுகு விறைத்து, நிமிரவும் திரும்பவும் முடியாமல் போகும். வலி புட்டம்வரை பரவுவதும் உண்டு.

பெரும்பாலோருக்கு இது சில வாரங்களில் தணிந்துவிடும். நாள்கணக்கில் படுத்தே கிடந்தால் குணமாவது தாமதமாகும் என்பதால், மெல்ல நடமாடுவதே நல்லது.

என்னை மிகவும் வருத்துவது, வலி முழங்காலுக்குக் கீழே இறங்கி, கால் மரத்தோ வலுவிழந்தோ போன பிறகும், தைலம் தேய்த்து உருவிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறவர்களின் நிலைதான். நரம்பு அழுந்துவதன் அடையாளமாக அது இருக்கலாம். சிறுநீர் கழிக்க இயலாமல் போனாலோ, சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாவிட்டாலோ, தொடைகளின் உட்புறம் உணர்விழந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வேலையில் நேரும் காயத்துக்குச் சொக்சோ எனப்படும் மலேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பாதுகாப்பு இருப்பதால், தோட்ட நிர்வாகங்கள் இத்தகைய சம்பவங்களை முறையாகப் பதிவு செய்து, மருத்துவர் பரிந்துரைக்கும் விடுப்பை மறுக்காமல் வழங்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டப்புற வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்